சொன்ன நாளில் கொடுங்கள். முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புரட்டாதி பிறந்துவிட்டது. இன்னும் சில கிழமைகளில் காலபோக உழவு தொடங்கிவிடும். மழைக்கு முன்னர் கூரை மாற்றவேண்டியவர்கள் மேசனையும் தச்சரையும் தேடித் திரிகிறார்கள். உழவு இயந்திரக்காரரின் தொலைபேசி ஓய்வதில்லை. வெல்டிங் கடைகளில் கலப்பைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வன்னியில் ஒரு தொழில் தெரிந்த எவருக்கும் ஆண்டிலேயே கூடுதலாக வேலை வருகிற காலம் இது. "வியாழக்கிழமை முடிச்சுத் தாறன்", "நாளைக்கு விடிய ஆள் வரும்", "அடுத்த கிழமை கட்டாயம்" என்று வாய் நிறைய நாள் கொடுக்கிற காலமும் இதுதான். கொடுத்த நாள்களில் எத்தனை காப்பாற்றப்படுகின்றன என்பது, காத்திருந்து களைத்தவர்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றி எங்கள் தொழிலாளருக்குச் சொல்ல எனக்கு ஒரு விடயம் உண்டு. உங்கள் பத்திரிகை எங்கள் பக்கத்துத் தேநீர்க்கடை எல்லாவற்றிலும் கிடப்பதால் இதன் வழியாகவே சொல்கிறேன்.

நான் நீர்ப்பம்பி திருத்துபவன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு தகரக் கொட்டில்தான் என் வேலைத்தலம். கிணற்றுத் தண்ணீரை நம்பி மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் கச்சானும் (நிலக்கடலை) செய்கிற சனம் என்னைச் சுற்றி இருக்கிறது. அவர்களுடைய பம்பி நின்றால் பயிர் நிற்கும். அதனால் நாள் சொல்வது என் தொழிலில் சின்ன விடயம் அல்ல. திருத்துகிற வேலையில் பாதி அதுதான் என்று நினைக்கிறவன் நான்.

பம்பியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். இறக்கிவைத்த கையோடு "எப்ப கிடைக்கும் அண்ணை?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்கிற எந்த நாளும் வாய்க்கு வந்த நாள்தான். ஏனென்றால் "தண்ணி இழுக்குதில்லை" என்கிற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் உள்ள புட்வால்வில் சருகு சிக்கியிருந்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். சீல் தேய்ந்து காற்று இழுத்தால், சீல் கடையில் இருக்கும் பட்சத்தில் அன்றைக்கே பூட்டிக் கொடுக்கலாம். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இம்பெல்லர் மணல் அரித்துத் தேய்ந்துபோயிருந்தால் வவுனியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சாமான் பஸ்ஸில் வரவேண்டும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும்போது ரிங் உடைந்து சிலிண்டர் கீறியிருந்தால் லேத் கடைக்குப் போகவேண்டும். அங்கே லேத்காரர் சொல்கிற நாள்தான் என்னுடைய நாள். ஆகவே பிரித்துப் பார்க்காமல் நான் நாள் கொடுப்பதில்லை. "பின்னேரம் நாலு மணிக்கு ஒருக்கா போன் எடுங்கோ, பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்பேன். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. பக்கத்தில் யாரோ இறக்கும்போதே நாள் சொல்கிறார் என்று அங்கே கொண்டுபோனவர்களும் உண்டு. போகட்டும்.

பிரித்துப் பார்த்தபின் ஒரு அட்டை கட்டுவேன். பழைய கலியாணக் காட்டுகளை வெட்டி, துளை போட்டு, கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். அதில் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், கொடுக்கிற நாள். இவற்றோடு என்ன பயிர், எத்தனை நாள் பயிர் என்பதையும் எழுதுவேன். என்னிடம் வேலை பழகிய பொடியன் ஒருவன் முதலில் கேட்டான், "பம்பிக்கும் பயிருக்கும் என்ன சம்பந்தம்?" என்று. சம்பந்தம் இருக்கிறது. காய் முற்றிய மிளகாய் இரண்டொரு நாள் பொறுக்கும். இப்போதுதான் நட்ட வெங்காயம் பொறுக்காது. ஒரே நாளில் இரண்டு பம்பி வந்தால் எதை முதலில் பிரிப்பது என்பதை யார் சத்தம் போடுகிறார் என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அட்டையைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும்.

இதை எழுதத் தூண்டிய ஆள் உடையார்கட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர். இந்தச் சிறுபோகத்தில் அரை ஏக்கர் கச்சான் போட்டிருந்தார். அவருடைய பம்பி நின்றபோது தனக்குக் கிட்டவாக இருந்த ஒரு திருத்துமிடத்தில் கொடுத்திருக்கிறார். எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே முற்பணம் வாங்கிக்கொண்டு, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை போனால் வெள்ளி. வெள்ளி போனால் கடை பூட்டு. தொலைபேசி எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது. பிறகு "சாமான் வந்திட்டுது, நாளைக்கு" என்கிறார்கள். அந்த நாளைக்கும் பஸ் பிடித்துப் போய்த் திரும்பியிருக்கிறார்.

கடைசியில் பொறுமை போய், பம்பியை இருந்தபடியே வாங்கி உரப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணை, இதைப் பூட்டித் தர ஏலுமோ?" என்றார். பையைக் கொட்டிப் பார்த்தேன். ஹெட் தனியாக, பிஸ்டன் தனியாக, தாங்கி தனியாக. ஹெட்டின் போல்ட்டுகள் பாதி இல்லை. காபரேற்றர் இல்லவே இல்லை. அவசரப்படுத்திய யாரோ இன்னொருவரின் பம்பிக்குப் போயிருக்கவேண்டும். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான செயல் எனக்குத் தெரியாது. ஒருவர் நம்பித் தந்த பொருளைப் பிரித்து மற்றவருக்குப் பூட்டி, அந்த மற்றவரிடம் நல்ல பெயர் வாங்குவது. முதலாமவர் வந்து நின்றால் "சாமான் வரேல்லை" என்பது.

அவருடைய கச்சான் அப்போது பூத்து விழுது இறங்குகிற பருவம். தோட்டம் செய்யாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கச்சானில் பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள் பிடிக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் நுழையவேண்டும். மண் ஈரமாக, இளக்கமாக இருந்தால்தான் அது உள்ளே போகும். காய்ந்து இறுகிய மண்ணில் முட்டிக்கொண்டு நின்று முனை கருகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் பிறகு எவ்வளவு இறைத்தாலும் அந்த விழுது காய் ஆகாது. செடி பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவன் பயிர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான். பிடுங்கும்போதுதான் தெரியும், கீழே ஒன்றுமில்லை என்று. அவருக்கு அப்படித்தான் ஆனது. செலவழித்த விதைக்காசுகூட வரவில்லை.

இதில் என்னைச் சுட்டது எது தெரியுமா? அவருடைய அயலிலேயே வாடகைக்கு விடுகிற பம்பி ஒன்று இருந்தது. மணித்தியாலக் கணக்கில் எடுத்து இறைத்திருக்கலாம். நாளைக்குத் தன் பம்பி வந்துவிடும் என்று நம்பியதால், வாடகைக் காசை ஏன் வீணாக்குவான் என்று விட்டுவிட்டார். முதல்நாளே அந்தத் திருத்துநர் "தங்கச்சி, என்னால இப்ப ஏலாது, சாமான் இல்லை, வேற வழி பாருங்கோ" என்று சொல்லியிருந்தால் அந்த அரை ஏக்கர் தப்பியிருக்கும். வேலையைச் செய்யாமல் விட்டது ஒரு தீங்கு. செய்கிறேன் என்று சொல்லி அவரை வேறெங்கும் போகவிடாமல் கட்டி வைத்தது அதைவிடப் பெரிய தீங்கு. என் சக தொழிலாளர் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

சரி, ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கெட்டவர்கள் என்பதால் அல்ல. எனக்குத் தெரிந்த பலர் நல்ல மனிதர்கள், கைவேலையும் வடிவாகத் தெரிந்தவர்கள். வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் பிறகு வரமாட்டார் என்ற பயம் ஒன்று. முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்லக் கூச்சம் இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் காசு. கையில் முதல் இல்லாமல்தான் எங்களில் அநேகர் தொழில் தொடங்கினோம். அதனால் இன்றைக்கு வந்தவரின் முற்பணத்தில் போன கிழமை வந்தவருக்குச் சாமான் வாங்குகிறார்கள். நாளைக்கு வருபவரின் முற்பணம் வந்தால்தான் இன்றைக்கு வந்தவரின் வேலை நகரும். ஆக, முற்பணத்துக்காகவே புது வேலை எடுக்கவேண்டிவருகிறது. எடுத்தபின் நாள் சொல்லவேண்டிவருகிறது. ஒரு நாள் யாராவது வராவிட்டால் எல்லோருடைய வேலையும் ஒன்றாக நின்றுபோகிறது. மேசன், தச்சர், கம்பி வேலை செய்பவர், தையற்காரர், எல்லாரிடமும் இந்தச் சங்கிலி இருக்கிறது.

நான் முற்பணம் வாங்குவது சாமானுக்கு மட்டும். அன்றைக்கே அந்தச் சாமானுக்குக் காசு அனுப்பிவிடுவேன். கடைக்காரர் அனுப்புகிற பில்லின் படத்தைப் பம்பிக்காரருக்கு வட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். கூலி வேலை முடிந்தபிறகு. இதனால் நான் பணக்காரன் ஆகவில்லை. ஆனால் ஒருவருடைய காசில் இன்னொருவருடைய பம்பி என் கொட்டிலில் ஓடியதில்லை.

சாமான் இல்லாத காலமும் வந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் இல்லை என்றார்கள். எரிபொருளுக்கு வரிசை, பிறகு கியூஆர் அட்டை. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் பம்பி ஓட்டியவர்கள் தலையில் கைவைத்தார்கள். கொழும்பில் சாமான் விற்பவரிடம் கேட்டால், எப்போது கப்பல் வரும் என்று அவருக்கே தெரியாது. அந்த மாதங்களில் நான் எந்தப் பம்பிக்கும் நாள் எழுதவில்லை. "சாமான் எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. வந்த அண்டைக்குச் சொல்லுறன். அதுவரைக்கும் பம்பியைக் கொண்டுபோங்கோ, இஞ்ச கிடந்தால் உங்களுக்குப் பயன் இல்லை" என்றேன். சிலர் இரண்டு பழைய பம்பிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டார்கள். சிலர் கூட்டாக ஒரு மின் மோட்டார் வாங்கினார்கள். நெருக்கடியான நேரத்தில் எங்கள் சனத்துக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியும். அதற்கு அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

2018 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்லவேண்டும். நத்தாருக்குச் சில நாள் முன்னர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கமெல்லாம் தண்ணீருக்குள். வெள்ளம் வடிந்ததும் என் கொட்டில் வாசலில் சேறு பூசிய பம்பிகள் குவிந்தன. லான்ட்மாஸ்டரில் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) ஏற்றி ஒரு ஊரின் பம்பிகளையே ஒன்றாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருந்ததோ நானும் ஒரு பொடியனும்.

அப்போது எல்லாருக்கும் "ஒரு கிழமை" என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வெள்ளம் என்றால் பிந்தும் என்று சனத்துக்குத் தெரியும். ஆனால் தண்ணீரில் மூழ்கிய பம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒயில் அறைக்குள் தண்ணீர் போயிருக்கும். திறந்துவிட்டால் ஒயில் பால்தேநீர் நிறத்தில் வரும். அதை அப்படியே விட்டால் உள்ளே துருப்பிடித்து, திருத்தவேண்டிய பம்பி எறியவேண்டிய பம்பியாகிவிடும். ஆகவே வந்தவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். முதலில் எல்லாப் பம்பியிலும் பழைய ஒயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, புது ஒயில் விட்டு வைப்போம். இதை நீங்களே செய்யலாம், எப்படி என்று காட்டித் தருகிறேன். மின் மோட்டார் கொண்டுவந்தவர்கள் தயவுசெய்து வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், சுருள் காயாமல் மின் கொடுத்தால் எரிந்துவிடும். அடுத்து, குடிதண்ணீர்க் கிணறு இறைக்கிற பம்பிகள். வெள்ளம் புகுந்த கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டால்தான் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கலாம். தோட்டப் பம்பிகள் அதன்பிறகு. மாரி காலத்தில் தோட்டத்துக்கு இறைக்கத் தேவையில்லைதானே.

யாரும் சண்டை பிடிக்கவில்லை. தோட்டக்காரர்கள்தான் மற்றவர்களின் பம்பியில் கயிறு இழுத்தார்கள். ஒருவருக்குத் தை நடுப்பகுதி என்று நாள் கொடுத்தேன். மூன்று கிழமைக்கு மேல். "பரவாயில்லை, நாள் தெரிஞ்சால் காணும்" என்றார். பிந்துவதை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு பிந்தும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

எங்கள் மண்ணுக்கு நாள் தவறாமை புதிதல்ல. இரணைமடுவின் கீழ் 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வயல். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் செய்வது, எப்போது தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது கட்டுவது, கடைசித் தண்ணீர் எப்போது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த நாளை நம்பித்தான் விதைநெல் வாங்குகிறோம், கடன் எடுக்கிறோம், உழவுக்குச் சொல்கிறோம். வாய்க்கால் கடைசியில் உள்ளவனுக்கும் அதே நாள்தான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைப் பாருங்கள். வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்னர் பாக்குத்தெண்டல் என்கிற சடங்கு ஒரு நாளில், கடலில் தீர்த்தம் எடுப்பது ஒரு நாளில், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவது ஒரு கிழமை. அந்தந்த வேலைக்கு உரியவர்கள் அந்தந்த நாளில் வந்து நிற்பார்கள். யாரும் ஆள் அனுப்பித் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. அதே ஊர்களின் பிள்ளைகள்தான் நாங்களும்.

வீட்டு வேலைக்கு வருகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் 46 ஆயிரம் வீடுகள். ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் முடிந்ததைப் பார்த்துத்தான் அடுத்த காசு. சுவர் எழும்பியதைப் பார்த்துத்தான் அதற்கடுத்தது. மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. ஒரே ஆள் பல வீடுகளில் அத்திவாரம் வெட்டிப்போட்டு மாறி மாறி ஓடினார். ஒரு வீட்டில் வேலை நின்றால் அடுத்த காசு வராது. காசு வருவதற்குள் சீமெந்தும் மணலும் விலை ஏறிவிடும். ஏறிய விலைக்கு வீட்டுக்காரர் தாலிக்கொடியை அடகு வைப்பார். இது எத்தனை குடும்பங்களின் கதை என்று எங்கள் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேசன் இரண்டு கிழமை பிந்தினால் இரண்டு கிழமைக் கூலிதான் நட்டம் என்று மேசன் நினைக்கிறார். வீட்டுக்காரரின் கணக்கு வேறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இழுத்தடிக்கப்படுகிறவர்களில் கூடுதலானோர் பெண்கள். யுத்தத்துக்குப் பின் வன்னியில் எத்தனையோ வீடுகளைப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். ஆண் ஒருவர் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டால் அவருடைய வேலை முன்னால் போகிறது. பெண்கள் சத்தம் போடமாட்டார்கள், இரண்டாம் முறை போன் எடுக்கவும் யோசிப்பார்கள் என்பதால் அவர்களுடைய பொருள் மூலைக்குப் போகிறது. அவர்களிடம் நுண்கடன் அறவிட வருகிறவர் கிழமை தவறாமல், மணி தவறாமல் வந்துவிடுகிறார். அந்தக் கடனில் வாங்கிய பம்பியைத் திருத்திக் கொடுக்க நாங்கள் மட்டும் ஏன் தவணை சொல்கிறோம்?

வாடிக்கையாளர் பக்கத்திலும் பிழை உண்டு. முடிந்துவிட்டது என்று சொன்னபின் மாதக் கணக்கில் எடுக்க வராதவர்கள், அறுவடை முடியத் தருகிறேன் என்று கொண்டுபோய் மறந்துவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூலி வராவிட்டால் அடுத்த சாமானுக்குத் திருத்துநர் எங்கே போவார்? மேலே சொன்ன சங்கிலியில் அவர்களும் ஒரு கண்ணி.

முறைப்பாட்டுக்கு இடமில்லாமல் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல் பிணக்குகளை அங்கே பேசித் தீர்த்தவர்களை எனக்குத் தெரியும். பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தால் அங்கே பேசுவது இலகு. ஆனால் தவணை வருவதற்குள் கச்சான் காய்ந்துவிடும். ஆகவே இது முதலில் எங்களுக்குள் திருந்தவேண்டியது.

திருந்துவதற்கு இளையவர்களிடம் தொடங்கலாம் என்பது என் நம்பிக்கை. அறிவியல்நகரில் 2016 முதல் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் நடக்கிறது. மாவட்டங்களில் வேறு பயிற்சி நிலையங்களும் உள்ளன. அங்கிருந்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிற பிள்ளைகளின் கைவேலையை நான் மெச்சுகிறேன். மைக்ரோமீற்றர் பிடித்து அளக்கிறார்கள். எங்கள் காலத்தில் விரலால் தடவிப் பார்த்தோம். அந்த ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு இயந்திரத்தைப் பிரிக்கக் கொடுக்கும்போது, "எந்த நாள், எத்தனை மணிக்கு முடிப்பாய்?" என்று மாணவனிடமே எழுதி வாங்குங்கள். அந்த நாளுக்கும் புள்ளி கொடுங்கள். முடியாது என்று முதல்நாள் வந்து காரணத்தோடு சொல்பவனுக்கும் புள்ளி கொடுங்கள். கடைசி நிமிடம்வரை பேசாமல் இருந்தவனுக்குக் குறையுங்கள்.

என் கொட்டிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பின்னேரம் கை கழுவியபின் நாளைக்குக் கொடுக்கவேண்டிய அட்டைகளைப் பொடியன் எடுப்பான். முடிந்ததற்கு "வந்து எடுங்கோ" என்று அழைப்பு. முடியாததற்கும் அழைப்பு. என்ன காரணம், அடுத்த நாள் எது, அதுவரைக்கும் வாடகைப் பம்பி யாரிடம் கேட்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இப்போது இருக்கிற பொடியனுக்கு இரண்டாவது வகை அழைப்பு எடுக்கத் தொடக்கத்தில் பெரிய பயம். போனை என்னிடம் நீட்டுவான். நான் வாங்கமாட்டேன். முதன்முதலில் எடுத்தபோது மறுபக்கத்தில் ஒரு ஐயா நன்றாக ஏசினார், எனக்கே கேட்டது. இவன் முகம் சிவந்துபோய் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்றபடி நின்றான். ஏசி முடித்துவிட்டு அந்த ஐயா கேட்டார், "அப்ப திங்கக்கிழமை சரியோ?" சரியென்றான். திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்கு வந்து அந்தப் பம்பியை முதலில் பூட்டினான். நான் சொல்லவில்லை. ஐயா வந்து எடுத்துக்கொண்டு போகும்போது வாழைக்குலையில் ஒரு சீப்பு வெட்டி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை இனி எங்கே தொழில் செய்தாலும் சொன்ன நாளுக்குச் செய்வான் என்று எனக்கு நம்பிக்கை.

இந்தப் போகத்துக்கு உழவு இயந்திரம் வைத்திருக்கிறவர்களிடமும் அறுவடை இயந்திரம் கொண்டுவரப்போகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாள் கொடுத்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதுங்கள். மழை குழப்பினால் அந்த வரிசையிலேயே எல்லாருக்கும் ஒரு செய்தி போடுங்கள். கூடக் காசு தருகிறேன் என்று இடையில் ஒருவர் வந்தால் கொப்பியைக் காட்டுங்கள். வயல்காரர்களும் ஒரு மெசினுக்கு நாள் எடுத்துவிட்டு, முன்னால் வந்த இன்னொன்றை இறக்கினால், முதலாமவருக்கு உடனே சொல்லிவிடுங்கள். அவர் தருமபுரத்திலிருந்து டீசல் எரித்துக்கொண்டு வந்து வரம்பில் நிற்கக் கூடாது.

அப்புறம், தோட்டக்காரருக்கு. கார்த்திகை, மார்கழியில் உங்கள் பம்பிக்கு வேலை இல்லை. தாங்கியில் பெற்றோலோடு கொட்டிலில் போட்டுவிடாதீர்கள். காபரேற்றருக்குள் பசை பிடித்துவிடும். தாங்கியை வடித்து, உள்ளே மிச்சம் இருப்பதை ஓடவிட்டுத் தீர்த்து, புட்வால்வைக் கழற்றிக் கழுவி வையுங்கள். திருத்தவேண்டியது இருந்தால் அந்த மாதங்களிலேயே அவரவர் ஊர்த் திருத்துநரிடம் கொடுங்கள். தைப்பொங்கல் கழிந்தபின் எல்லாரும் ஒன்றாக வந்தால் எவராலும் நல்ல நாள் கொடுக்க முடியாது. கொடுக்கும்போது பயிர் என்ன, எப்போது நடப்போகிறீர்கள் என்பதையும் கேளாமலே சொல்லுங்கள். அவர் எழுதாவிட்டால் நீங்களே ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீர்ப்பம்பி திருத்துநர் ஒருவர்,
விசுவமடு.